கற்ற நாள் மறந்துபோகும், கற்ற சைக்கிள் மறக்காது: கேள்வி பதில்

நரம்பியல் நோயாளிகளுக்குப் பயிற்சி தரும் இயன்முறை மருத்துவர் நான். மூளையின் ஆழத்தில் நடக்கும் வேலைகள் பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: சார், அப்பாவுக்குப் பார்க்கின்சன். சமதரையில் அப்படியே நின்றுவிடுகிறார், படிக்கட்டில் மட்டும் ஏறிவிடுகிறார். நடிக்கிறாரோ என்று வீட்டில் பேச்சு.

பதில்: நடிப்பே இல்லை அம்மா. முதலில் அந்தப் பேச்சை நிறுத்துங்கள். நடக்கும்போது நாம் ஒவ்வொரு அடியையும் யோசித்து வைப்பதில்லை. யோசிக்காமல் நடக்க வைப்பதில் பெரும்பங்கு பேசல் கேங்லியா என்ற ஆழ்மூளைத் திரளுக்கு. அதற்கு டோபமைன் என்ற செய்தி கடத்தும் வேதிப்பொருளை அனுப்பும் செல்கள் அழிவதால்தான் கால் தரையோடு ஒட்டிக்கொள்கிறது. படிக்கட்டில் ஒவ்வொரு படியும் கண்ணுக்குத் தெரிகிறது. கண் வழியாக மூளை வேறு பாதையைப் பிடித்துக்கொள்கிறது. அவர் நின்றுவிடும் இடத்தில் ஒரு காலடி தூரத்துக்கு ஒன்றாகத் தரையில் பட்டை ஒட்டிப் பாருங்கள். குதிகால் தூக்கி நடுங்கிக்கொண்டே நிற்பவர், "கோட்டைத் தாண்டுங்கள்" என்றதும் முழங்காலை உயர்த்தி எட்டு வைப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். எல்லாருக்கும் பலிக்காது. கையைப் பிடித்து மட்டும் இழுக்காதீர்கள், விழுந்துவிடுவார்.

கேள்வி: அப்படியானால் டோபமைனையே மாத்திரையாகத் தரலாமே?

பதில்: ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பை அது தாண்டாது. லெவோடோபா என்ற மருந்து தாண்டும், உள்ளே போய் டோபமைனாக மாறும்.

கேள்வி: நேற்றுப் படித்தது மறக்கிறது, சிறுவயதில் பழகிய சைக்கிள் மறப்பதில்லை. ஏன்?

பதில்: இரண்டும் ஒரே இடத்தைச் சார்ந்தவை அல்ல. இதைக் கற்றுக்கொடுத்தவர் ஹென்றி மொலேசன் என்ற நோயாளி. வலிப்பை நிறுத்த 1953இல், அவருடைய 27 வயதில், மூளையின் உட்பகுதியான ஹிப்போகாம்பஸில் இரு பக்கமும் ஒரு பெரிய பகுதியை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு நடந்தது ஏறக்குறைய எதுவும் அவர் மனதில் தங்கவில்லை. பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவரிடம் ஒரு நட்சத்திரப் படத்தைக் கொடுத்து, கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து அதன் ஓரமாகவே வரையச் சொன்னார். முதல் நாள் கோடு தாறுமாறாக ஓடியது. மூன்றாம் நாள் சுத்தமாக வந்தது. ஆனால் இதற்கு முன் வரைந்த நினைவே அவருக்கு இல்லை! கை கற்றுக்கொண்டுவிட்டது. எனக்கு இன்றும் புல்லரிக்கும். நடந்ததையும் படித்ததையும் பதிய ஹிப்போகாம்பஸ் வேண்டும். கைப்பழக்கத்துக்குப் பேசல் கேங்லியாவும் சிறுமூளையும்.

கேள்வி: சிறுமூளை என்றால் சின்ன வேலைதானே?

பதில்: பெயர்தான் சிறுமூளை. மூளையின் சுமார் 8,600 கோடி நரம்புச் செல்களில் 6,900 கோடி அதில்தான் இருக்கின்றன. கை குறி தவறினால் அடுத்த முறை திருத்துவது அது.

கேள்வி: அம்மாவுக்கு அல்சைமர் மறதிநோய். இனி எதுவுமே செய்ய முடியாதா?

பதில்: அப்படி இல்லை தம்பி. ஹிப்போகாம்பஸ் சீக்கிரமே பாதிக்கப்படும், பழகிய கைவேலை பெரும்பாலும் அதைவிட அதிக காலம் நிற்கும். "துணி மடிக்கத் தெரியுமா அம்மா?" என்று கேட்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் ஒன்றை மடியுங்கள், அப்புறம் அடுத்ததை அவர் கையில் கொடுங்கள்.