காக்பர்ன் எந்த ஊர்ப் பெயர்?

கேள்வி: ஏற்காட்டில் காபி பயிரிட வைத்த சேலம் கலெக்டர் காக்பர்னின் குடும்பப் பெயர் இங்கிலாந்தில் எந்தப் பகுதியைச் சேர்ந்தது? இத்தகைய அரிய பெயர்களின் பூர்வீகத்தை எப்படித் தேடுவது?
– வாசகர், அஸ்தம்பட்டி

பதில்: இங்கிலாந்து அல்ல, ஸ்காட்லாந்து. பெரிக்‌ஷயரில் டன்ஸ் அருகே உள்ள இடத்தின் பெயர் அது. அங்கே ‘கோபர்ன்’ என்றே சொல்வார்கள். குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள். ஆகவே இரண்டு எழுத்துக்கூட்டலிலும் தேடுங்கள். இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

எந்த அரிய பெயருக்கும் முதலில் பிரிட்டனின் 1881 சென்சஸைப் பாருங்கள். அந்தப் பெயர்க்காரர்களை வெறும் தலைக்கணக்கு எடுத்தால் பிழைப்புக்கு வந்தவர்களால் லண்டனே முன்னால் நிற்கும். ஒவ்வொரு கவுண்டியிலும் (நம் மாவட்டம் போன்றது) உள்ள அந்த எண்ணிக்கையை அதன் மக்கள்தொகையால் வகுத்தால் பூர்வீகம் தெரியும். அதற்கு முந்தைய தலைமுறைகளுக்குச் சர்ச் பதிவேடுகள்; இங்கிலாந்தில் இவை 1538-இல் தொடங்கின. மதராஸ் மாகாண ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் நகல்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன.