கேள்வி – பதில்: உருளைக்கிழங்கை வெட்டிவிட்டுப் பகிர்ந்தால்

கேள்வி: அன்சைக்ளோப்பீடியா என்னும் நகைச்சுவைக் கலைக்களஞ்சியத்தில் நான் படித்துச் சிரித்த ஒரு பத்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியரான என் பெரியப்பா அதை உண்மையென்று நம்பி, மாலையில் தம்மிடம் படிக்க வரும் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டார். விஷயம் தெரிந்ததிலிருந்து இரண்டு வாரமாக அவர் என்னுடன் பேசுவதில்லை. தவறு என்னுடையதா, சரிபார்க்காமல் நம்பிய அவருடையதா?
— வாசகி, திண்டுக்கல்

பதில்: உங்களுடையதுதான். பகடியைப் பகிர்ந்ததில் தவறில்லை. அதன் தலையை வெட்டிப் பகிர்ந்ததுதான் தவறு. கடிதத்துடன் நீங்கள் அனுப்பியிருந்த படத்தைப் பார்த்தேன். ஒரு பத்தி, அருகே ஒரு தகவல் பெட்டி, அவ்வளவுதான். நீங்கள் வெட்டிய இடது மேல் மூலையில்தான், விக்கிப்பீடியாவின் புதிர்த்துண்டு உருண்டையைக் கேலி செய்யும் ஓட்டை உருளைக்கிழங்குச் சின்னம் இருந்திருக்கும். 'இது விளையாட்டு' என்று அந்தத் தளம் வாசகருக்குக் காட்டும் முதல் அடையாளமே அதுதான்.

2005 ஜனவரியில் ஜோனதன் ஹுவாங் என்பவர் தொடங்கிய அந்தத் தளம், விக்கிப்பீடியாவின் முழக்க வரியை லேசாகத் திருகி, உள்ளடக்கமே இல்லாத கலைக்களஞ்சியம் என்று தன்னை அறிவித்துக்கொண்டது. தமிழ் விக்கிப்பீடியா தன்னைக் 'கட்டற்ற கலைக்களஞ்சியம்' என்று சொல்லிக்கொள்வதால், 'சரக்கற்ற கலைக்களஞ்சியம்' என்று மொழிபெயர்த்தால் ஓசையும் கேலியும் ஒருசேர வந்துவிடும் என்பது என் எண்ணம். தளத்துக்குள் நுழைந்து படிப்பவருக்கு இப்படிப்பட்ட சைகைகள் ஏராளம். கட்டுரையின் உச்சியில், ஆஸ்கார் வைல்டு ஒருபோதும் சொல்லாத மேற்கோளை அவர் தலையில் கட்டுவது அங்கே நெடுநாள் வழக்கம். ஒரே எழுத்தைப் பக்கம் முழுக்க அலறலாக நிரப்பிய கட்டுரையும் அங்கே புகழ்பெற்றது.

ஆனால் நடுப்பத்தியை மட்டும் எடுத்தால் இந்தச் சைகைகளில் ஒன்றுகூட உடன் வராது. ஆண்டு, உள்தலைப்பு, அடிக்குறிப்பு, சிரிக்காத நடை என்று உண்மைத் தகவல் உடுத்திவரும் அதே உடையை உடுத்திக்கொள்வதில்தான் இவ்வகைப் பகடியின் சுவையே இருக்கிறது. அந்த உடைக்குப் பழகிய கண்தான் முதலில் ஏமாறும். வாழ்நாளெல்லாம் நூலகக் கலைக்களஞ்சியத்தைப் புரட்டிப் பாடம் நடத்திய பெரியப்பா நம்பியதும், எதையும் முழுதாகப் படிக்காத உங்கள் தம்பி நம்பாமல் போனதும் இதனால்தான் என்று அவரிடம் சொல்லிப் பாருங்கள், பேச்சுவார்த்தை தொடங்கக்கூடும். இனி படத்துக்குப் பதிலாக லிங்க்கை அனுப்புங்கள். படம்தான் வேண்டுமென்றால், உருளைக்கிழங்கு தெரியும்படி எடுங்கள்.

கேள்வி: வேடிக்கைக்கு எழுதியதை நான்கு பேர் நம்பினால் யாருக்கு என்ன நஷ்டம்? உண்மையான கலைக்களஞ்சியங்களிலும் பொய்கள் இருக்கத்தானே செய்கின்றன?
— வாசகர், புதுச்சேரி

பதில்: இருக்கின்றன, சில மிக அழகாகவே இருக்கின்றன. ஜெர்மானிய நகைச்சுவைக் கலைஞர் லோரியோ 1976இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காகக் கற்பனை செய்த 'கல்பேன்', 1983இல் ப்ஷைரெம்பெல் என்னும் பெயர்பெற்ற மருத்துவ அகராதியில், சிறுநீரகக் கல்லையும் பித்தப்பைக் கல்லையும் தின்று நோயாளிக்கு உதவும் உயிரினமாக இடம்பெற்றுவிட்டது. 1994ஆம் ஆண்டுப் பதிப்பில் அதை நீக்கியபோது வாசகர்கள் விடவில்லை. 1997இல், பெர்லின் சுவர் விழுந்ததில் அதற்குப் பங்குண்டா என்ற ஆராய்ச்சியையும் சேர்த்துக்கொண்டு, பேன் திரும்பி வந்தது. இதனால் யாருக்கும் ஒரு குறையும் இல்லை, ஏனென்றால் மருத்துவர்கள் அனைவருக்கும் அந்த நகைச்சுவை தெரியும்.

இதற்கு நேர்மாறானது 'பிச்சோலிம் மோதல்'. 1640–41இல் கோவாவின் போர்த்துக்கீசியருக்கும் மராத்தியருக்கும் நடந்ததாகச் சொல்லப்பட்ட, ஆனால் ஒருபோதும் நடக்காத இந்தப் போரைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை 2007இல் ஆங்கில விக்கிப்பீடியாவில் எழுதப்பட்டது. அதே ஆண்டு 'நல்ல கட்டுரை' என்ற தகுதியையும் பெற்றது. மேற்கோள் காட்டிய நூல்களே உலகில் இல்லை என்று ஒருவர் தேடிக் கண்டுபிடித்து, 2012 டிசம்பரில் அது நீக்கப்படும்வரை, ஐந்தாண்டுகளுக்கு மேல் அது வரலாறாகவே நின்றது. பேனும் பொய், போரும் பொய். ஆனால் போரை எழுதியவர் வாசகரை நோக்கி ஒருமுறைகூடக் கண் சிமிட்டவில்லை. அது பகடி அன்று, மோசடி. அடையாளத்தை வெட்டிவிட்டுப் பகிர்பவர், தெரியாமலே முதல் வகையை இரண்டாம் வகையாக்கிவிடுகிறார்.

நஷ்டத்தையும் கேட்டிருக்கிறீர்கள். 2024 மே மாதத்தில் கூகுளின் செயற்கை நுண்ணறிவுச் சுருக்கம், நாளுக்கு ஒரு சிறு கல்லாவது சாப்பிடுவது நல்லது என்று ஒரு கேள்விக்குப் பதில் சொன்னது. 'தி ஆனியன்' என்ற அமெரிக்கப் பகடிச் செய்தித்தளத்தின் 2021ஆம் ஆண்டுக் கட்டுரையிலிருந்து வந்த அறிவுரை அது. கல்பேன் படித்திருந்தால் மகிழ்ந்திருக்கும்.

கேள்வி: இத்தகைய கட்டுரைகளைத் தமிழில் மொழிபெயர்த்து என் முகநூல் பக்கத்தில் வெளியிடலாமா?
— வாசகர், மதுரை

பதில்: அன்சைக்ளோப்பீடியாவின் கட்டுரைகள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியாகின்றன. மூலத்தைக் குறிப்பிட வேண்டும், வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, உங்கள் மொழிபெயர்ப்பையும் அதே உரிமத்தில் பிறருக்கு விட வேண்டும். இம்மூன்றுக்கும் உடன்பட்டால் தடையில்லை. ஆனால் சிலேடைகள் கடல் தாண்டும்போதே பாதி கரைந்துவிடும். பிரெஞ்சு, இத்தாலியம், போர்த்துக்கீசியம் முதலிய மொழிகளில் இதே வகைத் தளங்களை உருவாக்கியவர்கள், தங்கள் ஊர் அரசியலையும் தங்கள் ஊர்ப் பாட்டையும் வைத்துப் புதிதாகவே எழுதினார்கள். எழுத உட்காரும் முன், முட்டாள்தனமாக மட்டும் இல்லாமல் வேடிக்கையாகவும் எழுதுவது எப்படி என்று அந்தத் தளமே புதியவர்களுக்கு வைத்திருக்கும் வழிகாட்டிப் பக்கத்தைப் படித்துவிடுங்கள். பொய்யைக் கண்டபடி அடுக்கினால் சிரிப்பு வராது, எல்லாருக்கும் தெரிந்த ஓர் உண்மையைச் சற்றே வளைத்தால்தான் வரும் என்பதே அதன் சாரம்.

கேள்வி: உயிரோடிருக்கும் பிரபலங்களைப் பற்றி இப்படி எழுதினால் வழக்கு வருமா?
— வாசகி, ஈரோடு

பதில்: வரலாம். இத்தாலியின் நான்சிக்ளோப்பீடியா தளம், பாடகர் வாஸ்கோ ரோஸ்ஸி பற்றிய கட்டுரைக்காக அவருடைய வழக்கறிஞர்கள் சட்ட நடவடிக்கையில் இறங்கியதால், 2011 அக்டோபரில் கதவைச் சாத்தியது. இணையத்தில் எழுந்த எதிர்ப்பைக் கண்டு பாடகர் தரப்பு பின்வாங்கிய பிறகுதான் அது மீண்டும் திறந்தது. நம் நாட்டில் அவதூறு இன்றும் குற்றவியல் சட்டத்தின்கீழ்தான் இருக்கிறது. முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 499, 500 பிரிவுகள், 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு. ஒருவருடைய பொது வாழ்க்கையை நையாண்டி செய்யலாம். அவர் செய்யாத குற்றத்தைச் செய்ததாகக் கலைக்களஞ்சிய நடையில் எழுதிவிட்டு, பிறகு விளையாட்டென்று சொல்வதை நீதிமன்றம் ஏற்கும் என்று நம்பியிருக்க வேண்டாம்.