கண்ணில் விட்ட ஒரு சொட்டு: சில்வர் நைட்ரேட் கேள்வி பதில்

பாளையங்கோட்டையில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வெள்ளியிலிருந்து செய்யும் உப்பான சில்வர் நைட்ரேட் பற்றி வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அம்பாசமுத்திரத்திலிருந்து: அண்ணாச்சி, எங்க ஆச்சி மருத்துவச்சி. பிள்ளை பிறந்ததும் கண்ணில் ஒரு சொட்டு விடுவாங்களாம். அது என்ன மருந்து?

பெரும்பாலும் சில்வர் நைட்ரேட் கரைசலாகத்தான் இருக்கும். தாய்க்கு வெட்டை நோய் (கொனோரியா என்ற பால்வினை நோய்) இருந்தால், பிரசவத்தின்போதே கிருமி பிள்ளையின் கண்ணில் தொற்றிவிடலாம். சில நாளில் கண் வீங்கிச் சீழ் வடியும், பார்வையே போகவும் கூடும். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் கார்ல் கிரெடே என்ற பேறுகால மருத்துவர், 1880-ல் 2 சதவீதக் கரைசலைக் கண்ணாடிக் குச்சியால் ஒரே ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார். அவருடைய பிரசவ விடுதியில் நூற்றுக்குப் பத்துப் பிள்ளைகளுக்கு வந்துகொண்டிருந்த நோய், ஒன்றுக்கும் கீழே இறங்கியது. பென்சிலின் மருந்தாகப் புழக்கத்துக்கு வருவதற்கு அரை நூற்றாண்டுக்கும் முன்பு நடந்தது இது! உங்கள் ஆச்சி எத்தனை பிள்ளைகளின் கண்ணைக் காத்தார்களோ, அவர்களை நினைத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

மேலப்பாளையத்திலிருந்து: அப்புறம் ஏன் விட்டுட்டாங்க?

அந்தச் சொட்டே கண்ணை எரித்துச் சிவக்க வைக்கும். கிளமிடியா என்ற இன்னொரு கிருமியை அது சரியாகத் தடுக்கவும் இல்லை. எரித்ரோமைசின் போன்ற களிம்புகள் வந்ததும் இது ஒதுங்கியது.

வள்ளியூரிலிருந்து: இது பட்டால் தோல் கறுக்குமாமே?

ஆமாம். ஓட்டுப் போடும்போது விரலில் வைக்கும் மையிலும் இதுதான் இருக்கிறது. வெளிச்சம் பட்டதும் பொடிப்பொடியான வெள்ளியாக மாறித் தோலில் தங்கிவிடும். அந்தத் தோல் உரிந்து, நகம் வளர்ந்தால்தான் கறை போகும். இதைப் பழுப்புப் பாட்டிலில் வைப்பதும் வெளிச்சத்துக்குப் பயந்துதான்.

சங்கரன்கோவிலிலிருந்து: வெள்ளி கலந்த தண்ணி குடிச்சா நோய் எதிர்ப்பு வரும்னு விக்கிறாங்க. வாங்கலாமா சார்?

வேண்டாம் தம்பி. 19-ஆம் நூற்றாண்டில் வலிப்பு நோய்க்குச் சில்வர் நைட்ரேட்டை உள்ளுக்குக் கொடுத்தார்கள். மாதக்கணக்கில் சாப்பிட்டவர்களுக்கு முகமும் கையும் நீலம் கலந்த சாம்பல் நிறமாகின. ஆர்ஜிரியா என்று பெயர். மருந்தை நிறுத்தினாலும் அந்த நிறம் போகாது. உடம்புக்கு வெள்ளியால் ஆகவேண்டிய வேலை எதுவும் இல்லை.

தென்காசியிலிருந்து: இப்போ எங்கேயுமே பயன்படுத்துறதில்லையா?

உண்டு. மூக்கில் ரத்தம் வடியும் இடத்தைச் சுடவும், பச்சைப்பிள்ளையின் தொப்புளில் வளரும் சிவந்த சதையைக் கருக்கவும் டாக்டர்கள் இதன் குச்சியைத் தொட்டு வைப்பார்கள். சுற்றியுள்ள நல்ல தோலில் பட்டால் அதுவும் வெந்துவிடும் என்பதால், வீட்டில் நீங்களாகச் செய்யாதீர்கள்.