சதுரக்காசும் வட்டக்காசும் ஒரே காலமா?

அண்ணாச்சி, ஸ்ரீவைகுண்டத்து ஆத்துமணல்ல கிடைச்ச ரெண்டு செப்புக்காசும் பாண்டியர் காசான்னு கேட்டிருக்கீங்க. யானை போட்ட சதுரக்காசு சங்ககாலப் பாண்டியர் வகை. பின்பக்கம் கோட்டுருவ மீன் தெரியணும். வட்டக்காசு குறைஞ்சது எழுநூறு வருசம் பிந்தினது. முன்பக்கம் நிக்கிற ஆளு, பின்பக்கம் உக்காந்த ஆளு, கைப்பக்கம் நாகரி எழுத்து. உடனே சோழன் ராஜராஜன் காசுன்னு முடிவுகட்டாதீங்க. பராக்கிரமபாகு மாதிரி இலங்கை மன்னர்களும் இதே அச்சுலதான் அடிச்சாங்க, பேரு மட்டுந்தான் வேற. டார்ச்சைப் பக்கவாட்டுல சாய்ச்சுப் பிடிச்சு எழுத்தைப் படம் எடுத்துப் போடுங்க.

நீங்க காசைப் புளி போட்டுத் தேய்ச்சது தப்பு. பச்சைப்படலத்தோட மீன்கோடும் போயிரும். இனிமே காய்ச்சி வடிச்ச தண்ணியில ஊறப்போட்டு, தினமும் தண்ணி மாத்தி, மூங்கில்குச்சியால மண்ணை மட்டும் எடுங்க. வெளிர்பச்சைப் பொடி உதிர்ந்தா உள்ள உப்பு அரிக்குதுன்னு அர்த்தம், ஈரம் படாம தனியா வைங்க.

மண்ணுக்குள்ள புதைஞ்சு கிடந்ததுன்னா, 1878 புதையல் சட்டப்படி கலெக்டருக்குச் சொல்லணும். பத்து ரூபா மதிப்பைத் தாண்டினாலே போதும்.