ஓடும் வி.எம்.மை நிறுத்தாமல் நகர்த்தலாமா? லைவ் மைக்ரேஷன் கேள்வி பதில்

கேள்வி: சார், லைவ் மைக்ரேஷனில் வி.எம். ஒரு கணம்கூட நிற்காது என்கிறார்களே, உண்மையா?

நிற்கும். ஆனால் பயனர் கவனிக்காத அளவுக்குத்தான். வி.எம். என்பது ஹோஸ்ட் எனும் நிஜ சர்வருக்குள் ஓடும் மெய்நிகர் கணினி; அது ஓடும்போதே அதை வேறு ஹோஸ்டுக்கு மாற்றுவதுதான் லைவ் மைக்ரேஷன். வி.எம். பழைய ஹோஸ்டில் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் ரேம் முழுவதும் புது ஹோஸ்டுக்கு ஒருமுறை போகும். அதற்குள் வி.எம். சில பேஜ்களில் (ரேமின் சிறு துண்டுகள்) எழுதியிருக்கும். ஹைப்பர்வைசர் (வி.எம்.களை ஓட்டும் மென்பொருள்) அவற்றைக் குறித்து வைத்து, அடுத்த சுற்றில் அவற்றை மட்டும் அனுப்பும். மிச்சத்தை 300 மில்லி செகண்டுக்குள் அனுப்பிவிடலாம் என்று கணக்கு வந்ததும் (இது, லினக்ஸின் ஹைப்பர்வைசரான கே.வி.எம்.மோடு சேர்ந்து இயங்கும் க்யூ.இ.எம்.யூ. மென்பொருளின் இயல்பு அளவு) வி.எம்.மை நிறுத்தி, கடைசிப் பேஜ்களையும் சி.பி.யூ. நிலையையும் அனுப்பிவிட்டு, புது இடத்தில் ஓடவிடும். 2005-இல் கேம்பிரிட்ஜின் ஜென் ஹைப்பர்வைசர் குழு, ஆட்கள் ஆடிக்கொண்டிருந்த குவேக் 3 கேம் சர்வரையே இப்படி நகர்த்தியது. நின்ற நேரம் 60 மில்லி செகண்ட்.

கேள்வி: அண்ணா, கே.வி.எம்.மில் 64 ஜி.பி. ரேம் உள்ள டேட்டாபேஸ் வி.எம்., 1 கிகாபிட் லிங்க். ஒரு மணி நேரமாகியும் மைக்ரேஷன் முடியவில்லை. எங்கே கோளாறு?

கோளாறு எதுவும் இருக்காது, கணக்குதான் இடிக்கிறது. 1 கிகாபிட் லிங்க்கில் நொடிக்கு அதிகபட்சம் 125 எம்.பி. போகும். முதல் சுற்றுக்கே ஒன்பது நிமிடம் ஆகும். அந்த ஒன்பது நிமிடமும் டேட்டாபேஸ் எழுதிக்கொண்டே இருக்கும். அது நொடிக்கு 150 எம்.பி. பேஜ்களை மாற்றினால் இந்த வேலை என்றைக்கும் முடியாது. இறைக்கிற வேகத்தைவிட ஊறுகிற வேகம் அதிகமென்றால் கிணறு வற்றாது. 4 கே.பி. பேஜில் ஒரே ஒரு பைட் மாறினாலும் முழுப் பேஜையும் மறுபடி அனுப்பவேண்டும் என்பதால், டேட்டாபேஸ் எழுதும் டேட்டா கொஞ்சமாகத் தெரிந்தாலும் மாறும் பேஜ்கள் அதைவிடப் பல மடங்கு இருக்கலாம்.

முதலில் 'விர்ஷ் டொம்ஜாப்இன்ஃபோ' (virsh domjobinfo) கட்டளையில் மிச்சமுள்ள மெமரியைப் பாருங்கள். சுற்றுக்குச் சுற்று குறையாமல் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால் காத்திருந்து பயனில்லை, ரத்து செய்துவிடுங்கள். வி.எம். பழைய ஹோஸ்டில் பத்திரமாகவே ஓடும்.

இனி, வழிகள். உங்கள் லிங்க்கில் 300 மில்லி செகண்ட் என்றால் மிச்சம் 37 எம்.பி.க்கு இறங்கியாக வேண்டும். பிஸியான டேட்டாபேஸுக்கு அது எட்டாத அளவு. அப்ளிகேஷன் தாங்குமென்றால் டவுன்டைம் வரம்பை (வி.எம். நிற்க அனுமதிக்கும் நேரம்) 2 நொடியாக்குங்கள், 250 எம்.பி. மிச்சமிருந்தாலே மாறிவிடும். அதுவும் போதாவிட்டால் ஆட்டோ-கன்வெர்ஜ். வி.எம்.மின் சி.பி.யூ.வை முதலில் 20 சதவீதமும், பிறகு 10 பத்தாகவும் மட்டுப்படுத்தி, எழுதும் வேகத்தைக் குறைக்கும். அதுவரை குவரிகள் மெதுவாகும் என்பதால் பகலில் வேண்டாம்.

போஸ்ட்-காப்பி என்றொரு வழியும் உண்டு: வி.எம். முதலில் புது ஹோஸ்டுக்குப் போய்விடும், தேவைப்படும் பேஜ்களைப் பழைய ஹோஸ்டிலிருந்து இழுத்துக்கொள்ளும். நிச்சயம் முடியும். ஆனால் நடுவில் லிங்க் அறுந்தால் மெமரி பாதி இங்கே, பாதி அங்கே. இரண்டு பக்கமும் முழுமையாக இருக்காது, வி.எம்.மையே இழக்க நேரலாம். டேட்டாபேஸுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். மைக்ரேஷனுக்கென்று தனியாக 10 கிகாபிட் கார்டு போடுங்கள். முதல் சுற்றே ஒரு நிமிடத்துக்குள் முடியும், பாதித் தலைவலி அதிலேயே தீர்ந்துவிடும்.

கேள்வி: இன்டெல் ஹோஸ்டிலிருந்து ஏ.எம்.டி. ஹோஸ்டுக்கு?

ஓடும் நிலையில் வேண்டாம், ஷட்டவுன் செய்து மாற்றுங்கள். பூட் ஆகும்போது பார்த்த சி.பி.யூ. வசதிகளை நம்பித்தான் கெஸ்ட் (வி.எம்.முக்குள் இருக்கும் ஓ.எஸ்.) ஓடுகிறது. இன்டெல்லுக்குள்ளேயே பழையதும் புதியதும் கலந்திருந்தால் 'ஹோஸ்ட்-பாஸ்த்ரூ' (ஹோஸ்டின் சி.பி.யூ.வை அப்படியே வி.எம்.முக்குக் காட்டும் அமைப்பு) தவிர்த்து, எல்லா ஹோஸ்டும் ஆதரிக்கும் பழைய சி.பி.யூ. மாடலைக் கொடுங்கள். வி.எம்.வேரில் இதற்குத்தான் ஈ.வி.சி. என்ற வசதி இருக்கிறது.

கேள்வி: ஐ.பி. மாறுமா? எஸ்.எஸ்.ஹெச். இணைப்பு அறுந்துவிடுமா?

ஐ.பி.யும் நெட்வொர்க் கார்டின் மேக் முகவரியும் மாறாது. புது ஹோஸ்ட் ஒரு அறிவிப்புப் பாக்கெட் அனுப்பும், ஸ்விட்ச் புது போர்ட்டைக் கற்றுக்கொள்ளும். இடையில் தவறிய பாக்கெட்டுகளை டி.சி.பி. மறுபடி அனுப்பிவிடும். இரண்டு ஹோஸ்டும் ஒரே வி-லேனில் (ஸ்விட்சில் பிரித்த தனி நெட்வொர்க்) இருந்தால் போதும்.

கேள்வி: ஹோஸ்ட் திடீரென்று செத்துவிட்டால் லைவ் மைக்ரேஷன் காப்பாற்றுமா சார்?

காப்பாற்றாது. பழைய ஹோஸ்ட் உயிரோடு இருந்தால்தான் மெமரியை எடுக்க முடியும். செத்த ஹோஸ்டின் வி.எம்.மை வேறிடத்தில் புதிதாக பூட் செய்வது ஹெச்.ஏ.வின் (ஹை அவைலபிலிட்டி) வேலை. அதற்கு வி.எம்.மின் டிஸ்க், செஃப் (Ceph), என்.எஃப்.எஸ். போன்ற, எல்லா ஹோஸ்டுக்கும் பொதுவான ஸ்டோரேஜில் இருக்கவேண்டும்.

கேள்வி: அனுப்பும்போது யாராவது ஒட்டுக்கேட்க முடியுமா?

முடியும். டி.எல்.எஸ். என்க்ரிப்ஷன் போடாவிட்டால் ரேமில் உள்ள பாஸ்வேர்டும் பிரைவேட் கீயும் அப்படியே நெட்வொர்க்கில் போகும். லிப்விர்ட்டில் (கே.வி.எம்.மை நிர்வகிக்கும் மென்பொருள்) டி.எல்.எஸ். ஆப்ஷனைத் தவறாமல் கொடுங்கள், மைக்ரேஷனைத் தனி வி-லேனில் வையுங்கள். வி.எம்.வேர் என்றால் வி-ஸ்பியர் 6.5 முதல் வி-மோஷனுக்கு (அதன் லைவ் மைக்ரேஷன்) என்க்ரிப்ஷன் இருக்கிறது.