பணம் கொடுத்தால் பிள்ளைகள் வேலையை விட்டுப் பள்ளிக்கு வருவார்களா? கேள்வி பதில்

கேள்வி: முதல் வகுப்பிலிருந்தே எல்லோருக்கும் ஒரே உதவித்தொகை கொடுத்தால் என்ன?

பதில்: பிள்ளைகள் எந்த வகுப்பில் படிப்பை விடுகிறார்கள் என்று முதலில் பாருங்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப ஏழைக் குடும்பங்களுக்குப் பணம் கொடுக்க மெக்சிகோவில் 1997-ல் தொடங்கிய புரோகிரெசா திட்டத்தில் ஆய்வுக்கு எடுத்த 506 கிராமங்களில் 320-க்கு முதலில் பணம் போனது. மற்ற 186 ஒப்பீட்டுக்காகக் காத்திருந்தன. தொடக்கப் பள்ளிக்கு 90 விழுக்காட்டுக்கு மேல் ஏற்கெனவே வந்துகொண்டிருந்ததால் அங்கே பெரிய மாற்றமில்லை. ஆறாம் வகுப்பு முடித்த பெண் பிள்ளைகளின் சேர்க்கைதான் ஏறத்தாழ 15 விழுக்காட்டுப் புள்ளி உயர்ந்தது. வயது கூடக்கூட வெளியில் கிடைக்கும் கூலியும் கூடுவதால் தொகையும் வகுப்புக்கு வகுப்பு ஏறியது: 1998 பிற்பாதியில் மூன்றாம் வகுப்புக்கு மாதம் 70 பெசோ, ஒன்பதில் பையனுக்கு 220, பெண்ணுக்கு 255. 85 விழுக்காடு வருகை இருந்தால், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தாயின் கையில் பணம். வருகை கூடினாலும் தேர்வு மதிப்பெண் கூடவில்லை. அதற்கு ஆசிரியரும் வகுப்பறையும் வேண்டும்.

கேள்வி: பிள்ளையின் கூலி முழுவதையும் ஈடுகட்டினால்தானே வேலைக்கு அனுப்பாமல் இருப்பார்கள்?

பதில்: தேவையில்லை. எக்குவடோரில் மாதம் 15 டாலர்தான் கொடுத்தார்கள். வேலை செய்யும் பிள்ளையின் வழக்கமான வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அப்போது படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளை வேலைக்கு அனுப்புவதைக் குடும்பங்கள் தள்ளிப்போட்டன. ஆனால் பிலிப்பைன்ஸில் தொகை படிப்புச் செலவுக்கே போதவில்லை. பிள்ளைகள் பள்ளிக்கும் போனார்கள், மிச்சச் செலவுக்காகக் கூலி வேலைக்கும் போனார்கள். சீருடை, பயணம், நோட்டு என்று உள்ளூர்க் கணக்குப் போடாமல் தொகையை முடிவு செய்தால் இந்தச் சிக்கல் வரும்.

கேள்வி: வருகை நிபந்தனை அவசியமா?

பதில்: மலாவியின் சோம்பாவில் வளரிளம் பெண்களுக்கு நிபந்தனையோடும் நிபந்தனையில்லாமலும் கொடுத்துப் பார்த்தார்கள். இடைநிற்றலைக் குறைத்ததில் நிபந்தனையுள்ள பணமே முந்தியது. ஆனால் படிப்பை விட்டுவிட்ட பெண்களுக்கு இளவயதுத் திருமணமும் கர்ப்பமும் நிபந்தனையில்லாத பிரிவில்தான் குறைவு. பள்ளியை விட்டதும் பணத்தையும் நிறுத்தினால் நிராதரவாக நிற்பது அந்தப் பெண்தான். என்னைக் கேட்டால், அவளுக்கு ஒரு சிறு தொகையாவது தொடர வேண்டும்.

கேள்வி: வீட்டுக்கு ஒரு பிள்ளைக்கு மட்டும் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். கொலம்பியாவின் பொகோட்டாவில் ஒரு பிள்ளைக்குத் தொகை கிடைத்த வீட்டில், கிடைக்காத உடன்பிறப்பின் வருகை குறைந்து வேலை கூடியது. சகோதரிகள்தான் அதிகம் பாதிக்கப்பட்டார்கள். அதே திட்டத்தில் ஒரு நல்ல ஏற்பாடும் உண்டு: தொகையில் மூன்றில் ஒரு பங்கை நிறுத்திவைத்து, அடுத்த ஆண்டுச் சேர்க்கை நேரத்தில் மொத்தமாகக் கொடுத்தார்கள். அன்றாட வருகை குறையவில்லை, மறு ஆண்டு சேர்ந்தவர்கள் கூடினார்கள்.