'ஓரிரு இடங்கள்' எவை?

கேள்வி: 'ஓரிரு இடங்களில் கனமழை' என்று அறிவிக்கிறார்கள். எங்கள் தெருவில் தூறல்கூட இல்லை. இதெல்லாம் ஒரு கணிப்பா?
(தாம்பரம் வாசகர்)

பதில்: மழுப்பல் போலத் தோன்றினாலும் இந்தச் சொற்களுக்கெல்லாம் அளவு உண்டு. ஒரு பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் 25 சதவீதம் வரை மழை பதிவானால் 'ஓரிரு இடங்கள்'. 50 வரை 'ஒருசில', 75 வரை 'அநேக', அதற்கும் மேலே 'பெரும்பாலான'. ஆக, முக்கால்வாசி ஊர் காய்ந்து கிடந்தாலும் 'ஓரிரு' பலித்ததாகத்தான் கணக்கு.

மழைக்கும் அப்படியே. காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை 64.5 மி.மீ. தொட்டால் கனமழை, 115.6 தொட்டால் மிக கனமழை, 204.4 தாண்டினால் அதி கனமழை. அதற்கு மேல் மி.மீ. கணக்கில் அடுத்த படி இல்லை. வம்பு இங்கேதான். 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் மட்டும் ஏறக்குறைய 88,000 லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி என்றால் ஏழு லாரிக்கு மேல். 21 செ.மீ.க்கும் இதற்கும் ஒரே பெயர், ஒரே சிவப்பு நிறம். சிவப்பு எச்சரிக்கை வந்தால் '20 செ.மீ.தானே' என்று கணக்குப் போடாதீர்கள். அது அடிமட்டம், உச்சவரம்பு அல்ல.

கேள்வி: அந்தக் காலத்தைவிட இப்போது கணிப்பு நிஜமாகவே தேறியிருக்கிறதா?
(கடலூர் வாசகி)

பதில்: புயலில் சந்தேகமே வேண்டாம். 1999 ஒடிசா பெரும்புயலில் இறந்தவர்கள் சுமார் 10,000 பேர். 2013-ல் அதே கரையைத் தாக்கிய பைலின் புயலுக்கு முன்பே ஏறக்குறைய 10 லட்சம் பேரை வெளியேற்றினார்கள்; பலி 50-ஐத் தொடவில்லை.

கணக்குப் போட்டு வானிலை சொல்லும் முயற்சி பழையது. ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர் கையாலேயே கணக்கிட்டு 1922-ல் வெளியிட்டார். ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் 145 மில்லிபார் ஏறும் என்று விடை வந்தது. நிஜத்தில் அது அசையவே இல்லை எனலாம். 1950-ல் எனியாக் கணினி 24 மணி நேரக் கணிப்பைப் போட்டு முடிக்க ஏறக்குறைய 24 மணி நேரமே ஆனது. நாளைய வானிலை நாளைக்குத்தான் தெரிந்தது! பிறகு செயற்கைக்கோள் படங்களும் வேகமான கணினிகளும் வந்தன. பத்தாண்டுக்கு ஒரு நாள் வீதம் கணிப்பின் எல்லை நீண்டது.

இடிமழையில் மட்டும் இன்னும் சறுக்கல்தான். 2021 டிசம்பர் 30 சென்னை மழைக்கு முன்கூட்டியே பெரிய எச்சரிக்கை எதுவும் இல்லை. கணினி நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துப் பார்க்கிறது. கட்டம் 12 கி.மீ. அகலம், மேகம் 3, 4 கி.மீ. அகலம் என்றால்? பெரிய கண்ணி வலையில் நெத்திலி பிடிக்கிற கதை.

கேள்வி: செல்போன் செயலியில் பத்து நாள் கழித்து மழை, 60 சதவீதம் என்று வருகிறது. நம்பி நெல்லைக் காயப் போடலாமா?
(மன்னார்குடி வாசகர்)

பதில்: பத்தாம் நாள் படத்தைப் பார்க்கவே வேண்டாம். 60 சதவீதம் என்றால் இதுபோன்ற பத்து நாளில் ஆறு நாள் மழை வரும் என்று பொருள். பகலில் 60 சதவீத நேரம் பெய்யும் என்றல்ல.

ஐந்து நாள் முன்பு, வங்கக்கடலில் தாழ்வுப் பகுதி உருவாகிறதா என்பதை மட்டும் கவனியுங்கள். இரண்டு நாள் முன்பு மாவட்ட எச்சரிக்கையின் நிறம். அன்று காலையில் ரேடார் படம். ஒன்று போதாது, அரைமணி நேரப் படங்களை வரிசையாக ஓட்டிப் பார்த்தால்தான் மேகம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று புரியும். வடகிழக்குப் பருவத்தில் பெரும்பாலும் கடலிலிருந்து உள்ளே வரும். கோடை மாலை இடிமழை மேற்கிலிருந்தும் வரும். கடற்பக்கம் தெளிவாக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். அடுத்த மூன்று மணி நேரத்துக்கான அறிவிப்பில் உங்கள் மாவட்டம் இருந்தால் தார்ப்பாயை எடுத்துவிடுங்கள்.